விமானத்தில் எத்தனை பேர்?

ஹைதராபாத்துக்கு நான் நாற்பத்தொரு முறை போயிருக்கிறேன். ஊரைப் பார்த்ததில்லை.

இதைச் சொன்னால் நாகர்கோவிலில் யாரும் நம்புவதில்லை. நான் ஒரு சரக்கு விமானத்தின் துணை விமானி. ஷார்ஜாவிலிருந்து கிளம்பி அங்கே போய் இறங்கினால் இரண்டு மணி நேரம் நிற்போம். கொண்டுபோன பெட்டிகளை இறக்குவார்கள், வேறு பெட்டிகளை ஏற்றுவார்கள். நான் விமானத்தின் படியில் நின்று காகிதக் கோப்பையில் டீ குடித்து, நாலு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஹைதராபாத் ஒரு ஓடுபாதையும், அதைச் சுற்றிக் கிடக்கும் பெரிய பாறைகளும், ஜீடிமெட்லா என்று முகவரி அச்சடித்த மருந்துப் பெட்டிகளும்தான். வேறு ஊர்களும் இப்படியே. நைரோபி எனக்கு ரோஜாப்பூ, டாக்கா சட்டைத்துணி.

உரிமம் வாங்கி இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்த வேலை இது. ஆறு மாதம் பார்ப்போம் என்று போனேன், ஆறு வருடமாகிவிட்டது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிகள் குலுங்கினாலும் புகார் சொல்வதில்லை. ஆனால் என் மனைவி பெனிட்டாவும் நாலு வயது மகள் ஜெனியும் நாகர்கோவிலில் இருக்கிறார்கள். யாராவது அப்பா எங்கே என்று கேட்டால் ஜெனி சார்ஜரில் போட்டிருக்கும் போனைக் காட்டுகிறாள். முதல் தடவை கேட்டபோது எல்லாரும் சிரித்தோம். பிறகு நான் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

அதனால்தான் ஒரு பயணிகள் விமான நிறுவனம் தேர்வுக்கு அழைத்தபோது எங்கள் வீட்டில் அப்படி ஒரு பரபரப்பு. வேலை கிடைத்தால் ஹைதராபாத்தில் இருக்க வேண்டும். நாலு நாள் பறந்தால் இரண்டு நாள் வீடு. முப்பத்தைந்து வயது முடிந்தவர்களை அவர்கள் துணை விமானியாக எடுப்பதில்லை. எனக்கு அதற்கு நாலு மாதம் பாக்கி இருந்தது. இந்த ஒரு வாய்ப்புதான், இன்னொன்று கிடையாது.

"நீங்க நல்லா செய்வீங்க. எனக்குத் தெரியும்," என்றாள் பெனிட்டா. "பள்ளிக்கூடம் தெறக்கியதுக்குள்ள நாங்க அங்க வந்திருவோமாக்கும்."

இப்படித்தான் நாற்பத்திரண்டாவது முறையாக, ஆனால் பயணியாக, ஹைதராபாத்துக்குக் கிளம்பினேன்.

சமையல்காரன் கல்யாணப் பந்தியில் உட்காருவது மாதிரி இருந்தது. சக்கரம் மடங்கும் சத்தம் ஒரு நொடி தாமதமாக வந்ததா என்று பார்க்கிறேன், இறக்கையின் மடிப்பு எப்போது விரிகிறது என்று பார்க்கிறேன். பக்கத்தில் இருந்தவர் கரீம்நகர்க்காரர், மூன்று வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா? பயப்படாதீர்கள்," என்று ஹிந்தியில் தைரியம் சொன்னார். நன்றி சொல்லிக்கொண்டேன்.

இறங்குவதற்கு முன் விமானி ஒலிபெருக்கியில் பேசினார். மணி இத்தனை, வெளியே வெப்பம் இத்தனை, எங்களோடு பயணம் செய்ததற்கு நன்றி. ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் போனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பயணிகள் விமான வேலை என்றால் பயணிகளிடம் பேச வருமா என்றும் தேர்வில் சோதிப்பார்கள் என்று யாரோ சொன்னதால், என்றாவது அழைப்பு வரும் என்று இரண்டு வருடமாக நான் ஒத்திகை பார்த்துவந்தேன். எங்கள் விமானத்தில் விமானி அறைக்குப் பின்னால் ஒரே பெரிய கிடங்கு. பயணிகளை ஏற்றிய காலத்து மைக் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது, ஒலிபெருக்கிகளைத்தான் கழற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறை இறங்கி நின்றதும் அந்த மைக்கை எடுத்து, பெரியோர்களே தாய்மார்களே என்று வெங்காய மூட்டைகளிடம் பேசுவேன். என்னோடு அதிகம் பறக்கும் கேப்டன் பாவெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு நாள் அப்படி மைக்கை எடுத்தபோது வாய் வரவில்லை. அன்று சரக்கில் ஒரு சவப்பெட்டி இருந்தது. வளைகுடாவில் இறந்துபோகும் தெலங்கானாக்காரர்கள் பலர் எங்களைப் போன்றவர்களோடுதான் ஊர் திரும்புகிறார்கள். புறப்படும் முன் தரும் தாளில் மற்றச் சரக்குக்கெல்லாம் எடை இருக்கும். அதற்கு எடையோடு பெயரும் இருக்கும். மல்லேஷ் என்று இருந்தது. ஒரு ஆள் அங்கே படுத்திருக்கும்போது பெரியோர்களே தாய்மார்களே என்று விளையாட என்னால் முடியவில்லை. "மல்லேஷ், ஹைதராபாத் வந்துட்டோம்," என்று மட்டும் சொன்னேன். தெலுங்கு தெரியாததால் தமிழில் சொன்னேன். பாவெல் சிரிக்கவில்லை. காதிலிருந்து ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெட்டி வந்தபோதெல்லாம் பெயர் சொன்னேன். பெட்டிக்குள் இருப்பவரை நாங்கள் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் முன் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானத்தில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். பாவெலும் நானும்தான். ஆறு வருடமாக ஒரே பதில், "டூ."

விமான நிலைய வாசலில் பிரபாகர் அண்ணன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். எங்கள் விமானத்தில் சரக்கேற்றும் குழுவின் மேற்பார்வையாளர். பூட்டன் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சிகந்திராபாத் வந்த குடும்பம். எனக்கு டீ வாங்கித் தருபவர் அவர்தான். படியைவிட்டு நான் தரையில் இறங்கி அவர் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ஹவ் கேப்டன் சாப்! நாப்பது வாட்டி வந்தீங்க, ஒரு வாட்டி வூட்டுக்கு வந்தீங்களா?"

ஹோட்டலில் தங்கிக்கொள்கிறேன் என்று மெல்லச் சொன்னேன்.

"ஹோட்டலு கைக்கு? நக்கோ நக்கோ. வண்டில ஏறுங்க." ஹைதராபாத் ஹிந்தியில் கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம்.

நான் கேப்டன் இல்லை, துணை விமானிதான் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

தார்நாகாவில் அவர் வீடு. ஆராய்ச்சிக்கூடங்களின் மதில்களும் மரங்களும் விஞ்ஞானிகளின் குடியிருப்புகளுமாக அமைதியான இடம். மனைவி விஜயா அக்கா பகாரா சாதமும் தாளிச்சாவும் செய்து, கூடவே கோங்குராத் தொக்கும் வைத்தார். எங்கள் ஊர்ச் சம்பா அரிசியும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு முதலில் திகைத்துப்போனது. இரண்டாவது கவளத்தில் சமாதானம் ஆனது, மூன்றாவது தடவை நானே கேட்டு வாங்கினேன்.

அவர்கள் மகள் ஹரிணிக்குப் பத்து வயது. அப்பா தமிழில் கேட்கிறார், அவள் தெலுங்கில் பதில் சொல்கிறாள். அம்மா தமிழில் அதட்டுகிறார், அவள் ஹிந்தியில் சமாதானம் சொல்கிறாள். "தமிழ் புரியுமா?" என்று கேட்டேன். புரியும் என்று தெலுங்கில் சொன்னாள். வாய்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லையாம். ஜெனியும் இன்னும் ஆறு வருடத்தில் இப்படித்தான் எனக்குப் பதில் சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். போனைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அவர்கள் வீட்டு மாடிப் பகுதி காலியாக இருந்தது. வாடகைக்கு என்று எழுதிய அட்டை வாசலில் தொங்கியது. அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். நான் போனைத் திருப்பிப் பிடித்து பெனிட்டாவுக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டினேன்.

"அடுக்களைல ஜன்னல் உண்டுமா?"

காட்டினேன்.

"தண்ணி எப்ப வரும்னு கேளுங்க. துணி காயப்போட எடம் இருக்கா? மக்ளே, இங்க பாரு, அப்பா வீடு."

ஜெனி திரையில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தாள். எந்த அறை தனக்கு என்று கேட்டாள். மரத்தின் கிளை வந்து தொடும் அறையைக் காட்டினேன். அண்ணன் கீழே போய் அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம், இன்னும் முடிவாகவில்லை என்றேன். "ஆவும் சாப்," என்றார்.

மறுநாள் எனக்கு வேலையில்லை. ஜீடிமெட்லாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. இத்தனை வருடம் யாருடைய பெட்டிகளைச் சுமந்தேன் என்று பார்த்துவிட வேண்டாமா? வழியை விஜயா அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தார். பேருந்தில் பெண்கள் கூட்டம். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகையில் தெலுங்கு எழுத்துகள் ஜாங்கிரி பிழிந்த மாதிரி ஓடுகின்றன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரை மணி கழித்து நடத்துனர் அம்மா டிக்கெட்டுக்கு வந்தபோது ஜீடிமெட்லா என்றேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"இது உப்பல் போகிற பேருந்து. ஜீடிமெட்லா அந்தப் பக்கம்," என்று ஹிந்தியில் சொல்லிப் பின்னால் கை காட்டினார். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. விமானம் ஓட்டுகிறேன் என்றேன். அவர் அதை முன்வரிசைக்குத் தெலுங்கில் அஞ்சல் செய்தார். உப்பல் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இறங்கும்போது ஒரு பெண் அக்கறையாக, "இனிமேல் விமானத்தில் போவதாக இருந்தால் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்," என்றார்.

உப்பலில் ஒரு ஈரானிக் கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். டீ கெட்டியாக, பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருந்தது. எதிரே ஒரு பள்ளிக்கூடம் விட்டது. அப்பாக்கள் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் சொல்வதைக் கேட்காமலே தலையாட்டினார். தினமும் செய்கிற வேலையாகையால் அவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கடைசிப் பிள்ளை போகும்வரை நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது டீயைக் குடித்துவிட்டு, சரியான பக்கத்தில் நின்று தார்நாகாவுக்குப் பேருந்து ஏறினேன். ஜீடிமெட்லாவை இன்றுவரை பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தேர்வு. காலையில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நன்றாகவே போயின. பயணிகளிடம் பேசிக் காட்டுங்கள் என்றார்கள், தேன் ஒழுகப் பேசினேன். இரண்டு வருட ஒத்திகை வீண்போகவில்லை. மத்தியானம் சிமுலேட்டர். கூடம் போன்ற அறையில் எஃகுக் கால்களின் மேல் நிற்கும் பெரிய பெட்டி அது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் அசல் விமானி அறை. ஜன்னலில் ஓடுபாதை தெரியும், குலுக்கலும் உண்டு. பக்கத்து இருக்கையில் என்னைப் போலவே தேர்வுக்கு வந்த ஒரு இளைஞர். பின்னால் தேர்வாளர். ஐம்பது வயதிருக்கும் பெண் கேப்டன், குரலை உயர்த்தாதவர். கட்டுப்பாட்டுக் கோபுரமாகப் பேசுவதும் அவரே. பயணிகளின் எண்ணிக்கை உட்பட எல்லா விவரமும் இருக்கும் தாளை என் முன்னால் செருகிவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

விமானம் தரையை விட்டதும் இடது எஞ்சினில் தீ மணி அடித்தது. எதிர்பார்த்ததுதான். என் கைகள் தாமாக வேலை செய்தன. எஞ்சினை அணைத்தேன், தீயணைப்பானைத் திறந்தேன், விமானத்தை நேராகப் பிடித்தேன், ஆபத்து என்று அறிவித்தேன், திரும்பி வருகிறோம் என்றேன். கோபுரத்தின் குரல் வழக்கமான கேள்வியைக் கேட்டது. விமானத்தில் எத்தனை பேர்?

"டூ," என்றேன்.

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒற்றை எஞ்சினில் பூப்போல இறக்கினேன். நிறுத்தினேன். பக்கத்து இளைஞர் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்குள் தார்நாகா மாடியின் மரக்கிளை வந்து போனது.

தேர்வாளர் விளக்கைப் போட்டார். "ஓட்டியதில் குறையே இல்லை. கோபுரத்திடம் எத்தனை பேர் என்று சொன்னீர்கள்?"

தாளைப் பார்த்தேன். பயணிகள் நூற்று எழுபத்து நான்கு. சிப்பந்திகளோடு நூற்று எண்பது.

"எத்தனை தீயணைப்பு வண்டி, எத்தனை ஆம்புலன்ஸ், மருத்துவமனையில் எத்தனை படுக்கை, எல்லாம் நீங்கள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் வரும்," என்றார். "சத்தமும் புகையுமாக இருந்திருக்கும் பின்னால். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசினீர்களா?"

பேசவில்லை. வெங்காயத்தோடு பேசியிருக்கிறேன். இறந்தவர்களோடு பேசியிருக்கிறேன். பேச வேண்டிய நேரத்தில், பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே நினைவில் இல்லை.

"சரக்கு விமானத்தில் ஆறு வருடம் மேடம். பழக்கம்," என்றேன்.

"தெரியும்," என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "பழக்கத்தைப் பார்க்கத்தான் கூப்பிட்டோம். படித்ததை எழுத்துத் தேர்விலேயே பார்த்துவிட்டோமே."

முடிவு ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

சாயங்காலம் விஜயா அக்கா எனக்காக மீன் வாங்கித் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்திருந்தார். எங்கள் ஊர்க் குழம்பு எப்படி என்று போனில் பெனிட்டாவிடமே கேட்டாராம். எனக்கு இறங்கவில்லை. ஹரிணி என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டாள். பிரபாகர் அண்ணன் அவளைக் கண்ணாலேயே அடக்கினார். பெனிட்டாவிடம் நன்றாகத்தான் ஓட்டினேன் என்றேன். அது பொய்யில்லை. "செரி, நல்லா ஒறங்குங்க," என்றாள். அவள் கேட்காமல் விட்ட கேள்வி என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

நாலாம் நாள் மதியம் எனக்கு விமானம். அண்ணனுக்கு அன்று பகல் வேலை. ஸ்கூட்டரில் விமான நிலையம் நெருங்கியதும் சொன்னார். "சாப், உங்களுக்கு நேரம் இருக்குது. கார்கோ கேட்டுல ஒரு பத்து நிமிசம் நிக்கணும். காலைல நம்ம ஃபிளைட்ல ஒருத்தர் வந்துருக்காரு. வூட்டு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. பேப்பர் குடுக்கணும்."

எங்கள் நிறுவனத்தின் விமானம்தான். வேறு இருவர் ஓட்டி வந்திருக்கிறார்கள்.

சரக்குக் கட்டடத்தை அதற்கு முன் நான் ஓடுபாதைப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பெட்டி ஒரு கதவுக்குள் போகும், கதவு இறங்கும், என் வேலை முடியும். அந்தக் கதவின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு சிமெண்டு முற்றம், அதில் லாரிகள். லாரிகளுக்கு நடுவே ஒரு ஆம்புலன்ஸ். அதன் நிழலில் ஆறேழு பேர். ஜகித்யால் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்தவர்கள். இறந்தவருடைய மனைவிக்கு பெனிட்டாவின் வயதுதான் இருக்கும். அழுது முடித்த முகம். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் புது வேட்டி இருந்தது.

அண்ணன் தாள்களைக் கொடுத்தார், இறந்தவரின் அப்பா கைநாட்டு வைத்தார். என்னைக் காட்டி இவரும் அந்த விமானம் ஓட்டுகிறவர்தான் என்று அண்ணன் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் தெலுங்கில் ஏதோ கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"விமானத்துல அவருகூட யாராச்சும் இருந்தாங்களான்னு கேக்குறாங்க சாப். சாமான் மாதிரி தனியாவா வந்தாருன்னு."

எத்தனை பேர் என்ற கேள்வியை ஆறு வருடத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். யோசித்துப் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"ரெண்டு பேர் இருந்தாங்க," என்றேன். "அவர் இருக்கார்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கெளம்பறதுக்கு முன்னாலயே பேர் எழுதின தாளைக் கையில குடுத்துடுவாங்க. தனியா வரலே."

அண்ணன் சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டினார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, அவருக்குக் காது கேட்காது போல, இரண்டு விரலைக் காட்டிச் சொன்னார். "இத்தரு. இத்தரு உன்னாரண்ட." அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். முந்தின நாள் என்னைக் கவிழ்த்த அதே எண். இரண்டு நாளும் நான் அதையேதான் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணன் பார்க்காத மாதிரி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது நாள் ஷார்ஜாவில் மின்னஞ்சல் வந்தது. மரியாதையான நாலு வரி. திறமையைப் பாராட்டி, வருந்தி, ஒரு வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று முடித்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருக்கும்.

பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், "டூ" உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். "ஆறு வருசம் ரெண்டு பேராப் பறந்தவருக்குத் திடீர்னு நூத்தி எம்பது எங்கேருந்து வரும்?" என்றாள். பிறகு அழுதாள். ஜெனியிடம் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்த மரக்கிளை அறையில் தன் பொம்மைகளை எங்கே வைப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அண்ணனைக் கூப்பிட்டு, மாடியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே சாப்?"

"நக்கோண்ணா," என்றேன்.

போனை ஹரிணியிடம் கொடுக்கச் சொன்னேன். ஒரு வாக்கியத்துக்குத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று அவளிடம் கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் உங்களோடு இருக்கிறோம் என்று. அவள் நிதானமாகச் சொன்னாள், நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஐந்து தடவை திருப்பிச் சொல்லவைத்துத் திருத்தினாள். பிறகு, அவளிடமிருந்து நான் கேட்ட முதல் தமிழில், "யார்ட்ட சொல்லணும் அங்கிள்?" என்றாள்.

"ஃபிளைட்ல வர்றவங்ககிட்ட," என்றேன்.

அடுத்த மாதம் நாற்பத்து மூன்றாவது முறையாக ஹைதராபாத். காலை வெயிலில் பாறைகள் பளிச்சென்று தெரிந்தன. சரக்கில் இயந்திர பாகங்களும் ஒரு பெட்டியும். தாளில் ராஜய்யா என்று இருந்தது. கிளம்பும்போது ஷார்ஜாக் கோபுரம் எத்தனை பேர் என்று கேட்டது. டூ என்றேன்.

இறங்கி நின்றோம். எஞ்சின்கள் ஓய்ந்தன. கீழே அண்ணன் கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய மாடியில் யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாவெல் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒலிபெருக்கி இல்லாத அந்த மைக்கை எடுத்தேன்.

"ராஜய்யா, ஹைதராபாத் வந்துட்டோம்," என்றேன். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்து, ஹரிணி திருத்தியபடியே மெதுவாகப் படித்தேன்.

"மேமு இத்தரம் மீத்தோ உன்னாம்."